உடன்படிக்கையால் விலக்கப்பட்ட ஓர் எழுத்து

1858ஆம் ஆண்டு யூன் மாதம் 26ஆந் திகதி, வடசீனத்துத் தியன்சின் நகரிலே, பிரித்தானியப் பேரரசிக்கும் சீனப் பேரரசருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போரில் வென்றோர் தோற்றோரிடம் கேட்டுப் பெறுவன நிலம், பொன், வணிக உரிமை என்பனவாதல் உலக வழக்கு. எல்ஜின் பிரபு பெற்றுக்கொண்ட இவ்வுடன்படிக்கையின் ஐம்பத்தாறு உறுப்புரைகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே. புதிய துறைமுகங்கள் திறக்கப்படல், பிரித்தானியத் தூதர் பீக்கிங்கில் வதிதல், யாங்சி ஆற்றிற் கப்பல் செலுத்துதல், பாதிரிமார் தடையின்றிப் போதித்தல் ஆகியன அவற்றுட் சில. ஆயின் 51ஆம் உறுப்புரை நிலத்தையும் பொன்னையும் பற்றியதன்று. தலைநகரிலாயினும் மாகாணங்களிலாயினும் சீன அதிகாரிகள் வெளியிடும் எந்த அரச பத்திரத்திலும், பிரித்தானிய அரசையோ அதன் குடிகளையோ குறித்து 'யி' என்னும் எழுத்தை இனிமேல் ஆளுதல் கூடாது என்பதே அவ்வுறுப்புரையின் சாரம்.

ஆறு கீற்றுக்களால் எழுதி முடிக்கத்தக்க ஓர் எழுத்தை, பீரங்கிகளின் துணைகொண்டு, பிறிதொரு நாட்டாரின் எழுதுகோலினின்றும் பறித்தெடுக்க முயன்ற இச்செயல் உடன்படிக்கைகளின் வரலாற்றில் மிக அரிதானது. உறுப்புரையின் ஆங்கில வாசகத்தில் அவ்வெழுத்தின் பக்கத்தே அதன் பொருளும் தரப்பட்டிருந்தது. நாகரிகமற்றவன், காட்டுமிராண்டி என்று கொள்ளத்தக்க ஆங்கிலச் சொல்லே அங்கு இடப்பட்டது. இதற்கு முந்திய 50ஆம் உறுப்புரையோ, ஆங்கில வாசகத்துக்கும் சீன வாசகத்துக்கும் இடையே வேறுபாடு தோன்றுமிடத்து ஆங்கிலத்தின் பொருளே செல்லும் என்று விதித்தது. எனவே ஒரு சீன எழுத்தின் பொருள் யாது என்னும் வினாவுக்குச் சீனர் அல்லாதார் எழுதிய வாசகமே முடிந்த முடிபாயிற்று. அம்முடிபு சரியானதுதானா? அவ்வெழுத்து மூவாயிரம் ஆண்டு வழங்கி வந்த வரலாற்றை நோக்கினாலன்றி இதற்கு விடை காணல் அரிது. வடமொழியாளரின் 'மிலேச்சர்' என்னுஞ் சொல்லை அதற்கு ஈடாக இட்டுத் தமிழிற் பெயர்த்துவிடுதல் எளிது. அவ்வாறு செய்தல் வழக்கைக் கேட்பதற்கு முன்னரே தீர்ப்பை எழுதிவிடுதல் போலாகுமாதலின் 'யி' என்னும் ஒலியே இக்கட்டுரையில் ஆளப்படுகின்றது.

எழுத்தின் வடிவம் முதலில் நோக்கத்தக்கது. ஏறக்குறைய கி. பி. 100இல் சு சென் என்னும் அறிஞர் தொகுத்த 'சுவோவென்' என்னும் எழுத்தகராதி, இதனைப் 'பெரிது' எனப் பொருள்படும் 'தா' என்னும் எழுத்தும் 'வில்' எனப் பொருள்படும் 'குங்' என்னும் எழுத்தும் சேர்ந்து ஆயதாகக் கூறும். 'சமம்' என்பதும் 'கீழ்த்திசை மக்கள்' என்பதும் அவர் தரும் பொருள்கள். பெரிய வில்லையுடைய கீழ்த்திசை மாந்தர் என்று பிற்காலத்தார் விரித்துரைத்தமை இதனைக்கொண்டேயாம். ஆயின் சு சென் அறியாத சான்றுகள் இன்று உள. 1899ஆம் ஆண்டின் பின்னர் வெளிப்பட்ட சாங் காலத்து எலும்பெழுத்துக்களிலும், அவற்றை அடுத்து வந்த சோ காலத்து வெண்கலக் கலங்களிலும், கீழ்த்திசை மக்களின் பெயர் குந்தியிருக்கும் மனித உருவொன்றினால் எழுதப்பட்டிருக்கின்றது. 'யி' என்னும் இன்றைய வடிவம் கயிறு சுற்றிய அம்பினைக் காட்டுவது என்பாரும் உளர். வில் என்றும் அம்பு என்றும் அறிஞர் மாறுபடினும், ஒன்று தெளிவு. தென்திசையாரைக் குறித்த 'மான்' என்னும் எழுத்தினுள்ளே புழு பூச்சிகளைக் குறிக்கும் உறுப்பு உண்டு. வடதிசையாரைக் குறித்த 'தி' என்னும் எழுத்தினுள்ளே நாயைக் குறிக்கும் உறுப்பு உண்டு. 'யி' என்னும் எழுத்திலோ விலங்கும் இல்லை, பூச்சியும் இல்லை.

பொருளை நோக்கினும் இவ்வெழுத்து ஒரு வழிப்பட்டதன்று. சமமாதல், மேடுபள்ளமின்றி இருத்தல், அமைதியுறுதல் என்பன ஒரு பக்கம்; மட்டமாக்குதல், தரைமட்டமாக இடித்தல், குலத்தோடு அழித்தல் என்பன மறுபக்கம். பெருங் குற்றஞ் செய்தானுடைய மூன்று குலங்களையும் கொன்றொழிக்கும் பண்டைத் தண்டனை இவ்வெழுத்தினாலேயே பெயர் பெற்றது. ஆபத்து நீங்கி நலம் உண்டாதலைக் கூறும் சீன மரபுத்தொடரிலும் இவ்வெழுத்தே நிற்கின்றது. 'யி சிங்' என்னும் நிமித்த நூலின் 36ஆம் குறியின் பெயரில் அது 'காயம்' என்னும் பொருளில் வரும். மக்கட் பெயராகவும் அது வழங்கிற்று. பிற அரசன் தந்த தானியத்தை உண்ண மறுத்துச் சோயாங் மலையிற் பசித்து உயிர் நீத்தோனாகப் போற்றப்படும் போ யி என்பானின் பெயரிலும் இதனைக் காணலாம். இழிசொல் ஒன்றினை மகனுக்குப் பெயராகச் சூட்டுவார் உளரோ?

கீழ்த்திசையார் 'யி', தென்திசையார் 'மான்', மேற்றிசையார் 'சுங்', வடதிசையார் 'தி' என நாற்றிசை மக்களையும் நான்கு பெயரால் வகுத்தமை பண்டைச் சீனரின் ஒழுங்கு. நடுவில் இருப்பது 'சியா' அல்லது 'ஹுவா', அதாவது தாமே. நாளடைவில் 'யி' என்னும் பெயர் தன் திசையெல்லை கடந்து, நாற்புறத்தும் வாழ்ந்த பிறர் எல்லாரையும் குறிக்கும் பொதுப் பெயராயிற்று. பொதுப் பெயரானபோது உயர்வு தாழ்வு என்னும் எண்ணமும் அதனோடு ஒட்டிக்கொண்டது. இதனை மறுத்தற்கில்லை. நடுநாட்டார் யி மக்களைத் திருத்தியதைக் கேட்டதுண்டு, யி மக்களால் நடுநாட்டார் மாற்றப்பட்டதைக் கேட்டதில்லை என்ற கருத்தினை மென்சியஸ் ஓரிடத்தில் வெளியிடுகின்றார். ஆனால் அதே மென்சியஸ் மற்றோரிடத்தில், முனிவரசரான சுன் கீழ்த்திசை யி மகன் என்றும், சோ மரபினரின் தந்தையெனத் தக்க வென் அரசர் மேற்றிசை யி மகன் என்றும் கூறி, காலத்தாலும் இடத்தாலும் வெகுதூரம் பிரிந்திருந்த இவ்விருவரும் நடுநாட்டிற் செய்த அறச்செயல் ஒன்றே என்று முடிக்கின்றார். இச்சிறு பகுதி பின்னர் இருமுறை பேரரசின் வழக்காடு மேடைக்கு வந்தமை கீழே காட்டப்படும்.

கொன்பூசியஸின் வாக்குக்களும் இருதலைப்பட்டனவே. யி மக்களிடையே சென்று வாழ விரும்புவதாக அவர் ஒருகாற் கூறினார். அவர்கள் பண்பற்றவராயிற்றே என்று ஒருவன் தடுத்தபோது, சான்றோன் ஒருவன் சென்று வாழுமிடத்துப் பண்பின்மை ஏது என்றார். அரசர் உளராயிருக்கும் யி நாட்டையும் அரசர் இலராயிருக்கும் சீன நாட்டையும் ஒப்பிட்ட அவருடைய இன்னொரு வாசகம், உரையாசிரியரின் போர்க்களமாயிற்று. அரசன் இருந்தும் யி நாடு அரசனில்லாத சீன நாட்டுக்கு ஈடாகாது என்று ஒருசாராரும், யி மக்களுக்குக்கூட அரசன் உண்டு, சீனருக்கோ இல்லையே என்று இரங்கியதாக மற்றொரு சாராரும் உரை கண்டனர். ஒரு வாசகம் யி மக்களைத் தாழ்த்துவதா, சீனரை இடித்துரைப்பதா என்பதிலேயே இரண்டாயிரம் ஆண்டாக இணக்கமில்லை என்றால், அவ்வெழுத்துக்கு ஒரே பொருளை வரையறுப்பது எவ்வாறு? கொன்பூசியஸ் போற்றிய அமைச்சர் ஒருவரைப் பற்றிய செய்தியும் ஈண்டுச் சுவை பயப்பதாம். சி நாட்டுக் குவான் சுங் என்பார் அரசனை மதித்துப் புறத்தாரை விலக்கும் கொள்கையின் முதல்வராகப் பிற்காலத்தார் கொண்டாடியவர். அவருடைய இயற்பெயர் யிவூ. யி மக்களை விலக்கியவர் என்று புகழப்பட்டவரே தம் பெயரில் யி என்னும் எழுத்தைத் தாங்கியிருந்தார்.

பௌத்தம் சீனத்திற் பரவியபோது இவ்வெழுத்து இந்தியாவின்மீதும் திரும்பிற்று. 5ஆம் நூற்றாண்டிற் கூ ஹுவான் என்னும் தாவோ மதத்தார், யி மக்களுக்கும் சியா மக்களுக்கும் உரிய நெறிகள் வெவ்வேறு என்று வாதித்து எழுதிய கட்டுரை பெருங் கிளர்ச்சியை உண்டாக்கிற்று. புத்தர் நெறி யி மக்களுக்கு ஏற்றது, சீனருக்கு வேண்டா என்பது அவர் துணிபு. கி. பி. 819இற் புத்தரின் எலும்பொன்றினை அரண்மனைக்கு எழுந்தருளச் செய்த பேரரசரைக் கண்டித்து விண்ணப்பம் விடுத்த ஹன் யூ, புத்தர் யி இனத்தார் என்பதைத் தம் வாதத்தின் முதற்படியாகக் கொண்டார். அதற்காக அவர் தென்கோடிக்குத் துரத்தப்பட்டார். ஆயினும் இதே ஹன் யூ தம் மற்றொரு நூலில், யி மக்களின் ஒழுக்கத்தை மேற்கொண்ட சீனச் சிற்றரசரைக் கொன்பூசியஸ் யி என்றே கொண்டார் என்றும், நடுநாட்டு ஒழுக்கத்துக்கு வந்தாரை நடுநாட்டாராகவே கொண்டார் என்றும் எழுதினார். இதன்படி யி என்பது பிறப்பைப் பற்றியதன்று, ஒழுக்கத்தைப் பற்றியது.

மிங் மரபின் யுங்லோ பேரரசர் 1407இல் ஒரு மொழிபெயர்ப்புக் கழகத்தை நிறுவினார். திபேத்து, பாரசீகம், பர்மா, இந்தியா முதலிய நாடுகளின் எழுத்தையும் மொழியையும் பயின்று ஓலைகளைப் பெயர்த்தற்கெனத் தனித்தனிப் பிரிவுகள் அங்கு அமைந்தன. 'நாற்றிசை யி மக்களின் கழகம்' என்பது அதன் பெயர். அதே பேரரசர் செங் ஹோ என்னும் கடற்றளபதி வாயிலாக இலங்கைக்கு அனுப்பிய கல்லொன்று 1911இற் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. அதன் சீனப் பகுதி புத்தரை விளித்துக் காணிக்கைகளைக் கூறும். பிறநாடுகளுக்குத் தூது விடுத்த செய்தியைச் சொல்லுமிடத்து அங்கு ஆளப்பட்டது யி என்னும் எழுத்தன்று. 'ஃபான்' என்னும் எழுத்தாகும். புத்தரையே யி என்று ஹன் யூ கூறியதை அறிந்த சீனப் புலவர், அவர் திருமுன் வைக்கும் கல்லில் அவ்வெழுத்தைத் தவிர்த்தனர் போலும். அவ்வாறாயின் அது நாகரிகமே. ஃபான் என்னும் சொல்லின் பின்வரலாறு கீழே மீண்டும் வரும்.

1644இல் மிங் மரபு வீழ்ந்து மஞ்சு இனத்தார் பீக்கிங்கின் அரியணையில் ஏறினர். சீனப் பெருஞ்சுவருக்கு அப்பாலிருந்து வந்த இவர்கள், பழைய கணக்கின்படி யி மக்கள். யி மக்களே பேரரசராயினர் என்பது கற்றறிந்த சீனர் பலருக்கு ஆறாப் புண்ணாயிற்று. ஆட்சியேற்ற ஆண்டிலேயே மேற்கூறிய கழகத்தின் பெயரை மஞ்சு அரசு மாற்றிவிட்டது. யி என்னும் எழுத்தை நீக்கி, ஏறக்குறைய அதே ஒலியுடையதும் 'மொழிபெயர்த்தல்' எனப் பொருள்படுவதுமான வேறோர் எழுத்தை அவ்விடத்தில் இட்டனர். தியன்சின் உடன்படிக்கைக்கு இருநூற்றுப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வெழுத்தின் கூர்மை ஓர் அரசைத் தைத்ததுண்டு என்பதற்கு இது சான்று.

ஆயின் அம்மரபின் யுங்செங் பேரரசர் வேறு வழியை மேற்கொண்டார். 1728இல் ஹூனான் மாகாணத்துச் சிற்றூர் ஆசிரியர் ஒருவர், பெயர் செங் சிங், மேற்கில் இருந்த யூ சுங்சி என்னும் படைத்தலைவருக்குத் தம் மாணாக்கர் மூலம் இரகசியக் கடிதம் ஒன்றினை அனுப்பினார். யி அரசரை எதிர்த்துக் கிளர்ந்தெழுமாறு வேண்டியது அக்கடிதம். செங் சிங் பெரும்புரட்சியாளரல்லர். பரீட்சைகளிற் சித்தியடையாத ஏழை ஆசிரியர். காலஞ்சென்ற லூ லியூலியாங் என்னும் அறிஞர் பரீட்சை மாணவருக்கென அச்சிட்ட கட்டுரைத் திரட்டுக்களின் குறிப்புக்களைப் படித்தே அவர் இவ்வெண்ணங்களைப் பெற்றார். பாடப்புத்தகத்தின் ஓரக்குறிப்பு ஒரு பேரரசைக் கலங்கச் செய்த கதை இது.

கடிதம் பெற்றவர் அதனை அரசருக்கு அறிவித்தார். எவரும் எதிர்பாராத முறையில், பேரரசர் அவ்வாசிரியரைக் கொல்லவில்லை. அவரோடு வாதம் புரிந்தார். வினாக்களையும் விடைகளையும் தம் ஆணைகளையும் தொகுத்து 1730இல் ஒரு நூலாக அச்சிட்டு, நாட்டின் கல்விக்கூடங்கள்தோறும் வைக்கச் செய்தார். மென்சியஸின் பகுதியே அங்கு அவருக்குப் பெருந் துணையாயிற்று. சுன் அரசர் கீழ்த்திசை யி, வென் அரசர் மேற்றிசை யி என்று நூல் சொல்லும்போது, மஞ்சு மரபினர் யி என்பதில் இழிவு எங்கே? யி என்பது ஒருவன் பிறந்த ஊரைக் குறிப்பது போன்றதே என்பது அவர் வாதம். பழைய நூல்களை அச்சிடுவோர் யி முதலிய எழுத்துக்களுக்கு அஞ்சி இடத்தை வெறுமையாக விடுதலும் வேறெழுத்து இடுதலும் கூடாது என்று 1733இல் ஆணை பிறப்பித்தார். மறைப்பதே அவமதிப்பு என்பது அவர் கருத்து. அரசரின் வாதம் நுட்பமானதே. ஆயினும் அவருடைய நடுவுநிலை வாதத்தோடு நின்றுவிட்டது. செங் சிங்குக்கு மன்னிப்பு வழங்கிய அவரே, இறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு சென்ற லூ லியூலியாங்கின் உடலைத் தோண்டியெடுத்துச் சிதைக்கச் செய்தார். 1735இல் யுங்செங் இறந்தார். அவர் மைந்தர் சியன்லுங் அரியணை ஏறிய சில மாதங்களுள் செங் சிங்கைக் கொல்வித்து, தந்தையின் நூலையும் திரும்பப் பெற்றுத் தடைசெய்தார். அவ்வாறாயினும் எழுத்தைப் பற்றிய மட்டில் மைந்தரும் தந்தையின் வழியே நின்றார். பழைய நூல்களைத் தொகுத்த அரச அலுவலர் சிலர், யி என்பதை அதே ஒலியுடைய வேறோர் எழுத்தால், அதாவது சடங்குக்குரிய வெண்கலக் கலத்தைக் குறிக்கும் எழுத்தால், மாற்றி எழுதியதைக் கண்டு 1777இல் அவர் கடிந்துகொண்டார்.

இவ்வெழுத்து ஐரோப்பியருக்கும் வழங்கியது இவர்கள் காலத்திலேயே. பிறநாட்டார் உருவங்களை வரைந்து தொகுக்குமாறு சியன்லுங் 1751இல் இட்ட ஆணையின்படி ஆக்கப்பட்ட சித்திர நூலில், ஆங்கிலேயர் 'ஆங்கில நாட்டு யி மனிதர்' என்றே குறிக்கப்பட்டனர். கந்தோன் துறைமுகத்தில் வணிகஞ் செய்த கிழக்கிந்தியக் கொம்பனியாரும் இதனை அறிவர். அவர்தம் பழைய மொழிபெயர்ப்புக்களில் இச்சொல் பெரும்பாலும் 'பிறநாட்டார்' என்றே பெயர்க்கப்பட்டது. கொம்பனியார் விற்பதும் வாங்குவதும் கருதி வந்தவர்கள். எழுத்தின் பொருட்டு வணிகத்தைக் கெடுக்க அவர்கள் விரும்பவில்லை.

மாறுதல் 1832இல் வெளிப்பட்டது. ஹியூ ஹமில்ரன் லின்ட்சி என்னும் கொம்பனி அலுவலரும், சீனமொழி வல்ல குற்ஸ்லாவ் என்னும் செருமானியப் பாதிரியாரும் 'அமேர்ஸ்ற் பிரபு' என்னும் கப்பலிற் கிழக்குக் கரையோரமாகச் சென்று, வணிகத்துக்கு அனுமதியில்லாத துறைகளை நோட்டமிட்டனர். சாங்ஹாயில் அவர்களுடைய மனுவுக்கு விடையளித்த மேலதிகாரி லின்ட்சியை 'யி வணிகர்' என்று குறித்தார். தமது நாடு யி நாடன்று என்று லின்ட்சி எதிர்த்தார். அதிகாரி வியப்புற்று, இதில் அவமதிப்பு இல்லை என்று கூறி எடுத்துக்காட்டியது மென்சியஸின் அதே பகுதியையே. நூறாண்டுக்கு முன்னர்த் தம் பேரரசர் கையாண்ட வாதத்தையே அவர் ஆங்கில வணிகரிடம் கையாண்டார். கப்பலில் வந்தோரும் கல்லாதவரல்லர். சுங் காலத்துப் புலவர் சு துங்போ, யி மக்களைப் பறவையோடும் விலங்கோடும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையை அவர்கள் எதிர்ச்சான்றாகக் காட்டினர். இரு பக்கத்தாரும் சீன நூல்களையே சான்று காட்டினர்; இரு சான்றும் மெய். வழக்கு நூலறிவால் தீரக்கூடியதன்று என்பது அன்றே புலனாயிற்று.

1834இற் கொம்பனியாரின் தனியுரிமை நீங்கி, பிரித்தானிய அரசின் வணிக மேற்பார்வையாளராக நேப்பியர் பிரபு கந்தோனுக்கு வந்தார். வணிகரின் வழியாக விண்ணப்பிக்கும் பழைய முறையை ஏலாது, அதிகாரிகளுக்கு நேரே கடிதம் எழுதத் தலைப்பட்டார். மாகாண ஆளுநர் லூ குன் தம் ஆணைகளில் அவரை 'யி மு' என்று குறித்தார். 'மு' என்னும் எழுத்துக்குக் கண் என்பது முதற்பொருள். தலைவன் என்பது வழிப்பொருள். தமிழிலும் 'தலை' என்னும் உறுப்பிலிருந்தே 'தலைவன்' பிறக்கின்றான். 'பிறநாட்டார் தலைவர்' என்று பெயர்க்க வேண்டிய இத்தொடர் ஆங்கிலத்தில் 'காட்டுமிராண்டிக் கண்' என்று பெயர்க்கப்பட்டது. இலண்டனிற் படித்தோர்க்கு இது நகைப்பையும் சினத்தையும் ஒருங்கே விளைத்தது. நேப்பியரின் பெயரை ஒலிபெயர்க்க ஆண்ட எழுத்துக்களும் 'உழைத்துழைத்து இழிந்தவன்' என்னும் பொருள்படுவனவாக அவருக்கு விளக்கப்பட்டன. இரண்டு போர்க்கப்பல்களை ஆற்றினுட் செலுத்தியும் பயன் காணாது, நோயுற்று மக்காவோ திரும்பி, அவ்வாண்டு ஒக்தோபர் 11ஆந் திகதி அவர் இறந்தார்.

இம்மொழிபெயர்ப்பை எதிர்த்த ஆங்கிலேயரும் உளர். சேர் ஜோர்ஜ் தோமஸ் ஸ்ரோன்ரன் அவருள் முதல்வர். 1793இல் மக்காட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு சிறுவனாகச் சென்று சீனம் பயின்றவர். சீனரின் தண்டநெறி நூலை 1810இல் ஆங்கிலத்திற் பெயர்த்தவர். யி என்பதற்குக் காட்டுமிராண்டி என்று பொருள் கொள்ளுதல் பிழையென்றும், அத்தகைய மொழிபெயர்ப்பு இரு நாடுகளுக்கிடையேயுள்ள பிளவை விரிவுபடுத்துமென்றும் 1836இல் அவர் எழுதினார். கேட்பார் இலர். வணிகத்தைப் பீரங்கியால் விரிவுபடுத்த விரும்பினோர்க்கு அப்பொருள் வேண்டியிருந்தது.

எனினும் சீனர் பக்கம் முற்றும் மாசற்றது என்று கொள்ளுதலும் தகாது. 1840 முதல் 1842 வரை நிகழ்ந்த அபினிப் போரின்போது அரச பத்திரங்களில் ஆங்கிலேயர் 'கலகக்கார யி' என்று எழுதப்பட்டனர். அங்கு அவ்வெழுத்து மென்சியஸின் பொருளில் நின்றதென்று வாதித்தல் இயலாது. நஞ்சினை விற்கப் போர் தொடுத்தவரை வேறெவ்வாறு எழுதுவது என்பது பிறிதொரு வினா. 1842இன் நான்கிங் உடன்படிக்கை இருதிறத்து அலுவலரும் ஒத்த நிலையிற் கடிதம் எழுதுமாறு விதித்தது. எழுத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அது 1858 வரை காத்திருந்தது.

விலக்கின் பயன் யாது? புறத்தே செல்லும் பத்திரங்களிலிருந்து அவ்வெழுத்து நீங்கிற்று. 'யி காரியம்' என்றிருந்த வெளிநாட்டலுவல், கடல் எனப் பொருள்படும் 'யாங்' என்னும் எழுத்தைக்கொண்டு 'யாங் காரியம்' ஆயிற்று. நாளடைவில் மண்ணெண்ணெய், தீப்பெட்டி முதலிய புதுப்பொருள்கள் எல்லாம் யாங் என்னும் அடைமொழி பெற்றன. தமிழிற் 'சீமை' என்னும் அடை செய்த தொழிலை அது அங்கே செய்தது. ஆனால் அரண்மனையின் உள்ளே நிலைமை வேறு. வெளிநாட்டு அலுவல் பற்றிய அரச பத்திரங்களின் பெருந்தொகுப்பு மூன்று பகுதியாக 1856, 1867, 1880 ஆகிய ஆண்டுகளில் முறையே 80, 80, 100 ஏடுகளாக முற்றுப்பெற்றது. உடன்படிக்கைக்குப் பின்னர் முடிந்த இரு பகுதிகளும் 'யி காரியம்' என்னும் தலைப்பையே தாங்கின. அச்சேறாது அரசரின் கண்ணுக்கு மட்டுமென இருந்த அவ்வேடுகள் 1929இன் பின்னரே வெளியாயின. கந்தோன் தெருக்களிற் பிள்ளைகளும் கூலிகளும் வெள்ளையரை அழைத்த சொல் யி அன்று. 'ஃபான் குவெய்', அதாவது பிறநாட்டுப் பேய். காலிக் கல்லில் புத்தர் திருமுன் மரியாதையாக நின்ற ஃபான் என்னும் எழுத்துத்தான் இது. மெய்யான வசை தெருவில் இருக்க, உடன்படிக்கையோ பழநூல் எழுத்தை விலக்கிற்று. வசையைப் பொருட்படுத்தாதாரும் இருந்தனர். கந்தோனில் நெடுங்காலம் வதிந்த ஹன்ரர் என்னும் அமெரிக்க வணிகர் 1882இல் வெளியிட்ட தம் நினைவு நூலுக்கு அவ்வசையையே பெயராக இட்டார்.

யப்பானில் இவ்வெழுத்தின் செலவு வேறு வகையினது. வடதிசைப் பழங்குடியினரை அடக்கச் சென்ற தளபதிக்கு 'யி மக்களை அடக்கும் பெருந்தளபதி' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 1192இல் யோரிதோமோவும் 1603இல் இயெயாசுவும் பெற்று நாட்டை ஆண்டது இப்பட்டத்தினாலேயே. உலகம் அறிந்த 'சோகன்' என்பது இதன் சுருக்கம். 1853இல் அமெரிக்கத் தளபதி பெரியின் கப்பல்கள் வந்தபோது, யி மக்களை அடக்குதற்கென்றே பெயர் பூண்டவர் அவர்களுக்குக் கதவு திறந்தமை அவருக்கே இறுதியாயிற்று. அரசனை மதி, யி மக்களை விலக்கு என்னும் குவான் சுங் காலத்துக் கொள்கையை முழங்கிக்கொண்டு எழுந்தவர்கள் 1868இல் ஆட்சியைக் கைப்பற்றினர். கைப்பற்றியதும் ஐரோப்பிய ஆசிரியரையும் பொறியியலாளரையும் வரவழைத்தனர். வடபெருந்தீவின் பழம்பெயரான 'எசோ'விலும் இவ்வெழுத்து இருந்தது. 1869இல் அத்தீவு ஹொக்கைடோ என்னும் புதுப்பெயர் பெற்றது.

சீனத்தின் தென்மேற்கே யுன்னான், சிச்சுவான், குயிசோ மாகாணங்களின் மலைப்புறங்களில் வாழும் பெருங்குடியொன்று பன்னெடுங்காலம் இதே எழுத்தாற் குறிக்கப்பட்டு வந்தது. இவர்கள் தமக்கென எழுத்தும் ஏடும் உடையவர். மக்கட் குடியரசு 1950களில் இனங்களின் பெயர்களை வரையறுத்தபோது, ஒலியை மாற்றாது எழுத்தை மட்டும் மாற்றியது. மாஓ சேதுங்கே அதனை முன்மொழிந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. புதிய எழுத்தினுள்ளே அரிசியைக் குறிக்கும் உறுப்பும் பட்டிழையைக் குறிக்கும் உறுப்பும் உள; உணவும் உடையும் நிறைந்த மக்கள் என்று அதற்கு விளக்கமும் தரப்பட்டது. வெண்கலக் கலத்தைக் குறிப்பதும், அலுவலர் சிலர் இட்டமைக்காக 1777இற் சியன்லுங் கடிந்துகொண்டதுமான எழுத்தே அது. அக்குடியின் பெயரை எழுதுதற்கு இப்போது பதினெட்டுக் கீற்றுக்கள் வேண்டும்.